அழேன்

சலோமி அக்காவிடம் கெத்சியாள் போய் நின்றது ஒரே ஒரு கேள்வியோடுதான்.

"இந்தப் பாடத்தை எவ்வளவு மாத்தலாம் அக்கா?"

பாடம் ஒரு அட்டைப்பெட்டியில் வந்திருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து, படிப்பும் பக்தியும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற கிறிஸ்தவப் பாடத்திட்டம். எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்தில் யாரோ எழுதியது. அதைத் தமிழில் கொண்டுவந்தவர் கெத்சியாளின் மாமனார் சத்தியநேசன் ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் தமிழ் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பெட்டியின் மேலே 'ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு' என்று போட்டிருக்கும். உள்ளே முதல் பக்கத்திலேயே, 'குழந்தாய், தெய்வ சித்தத்திற்கு உன்னை ஒப்புவித்து உவகை கொள்வாயாக!'

கெத்சியாளின் மகன் தீத்துவுக்கு ஐந்து வயது. அவன் கேட்டான்:

"உவகைன்னா உலக்கையாம்மா?"

அன்றைக்குத்தான் அவள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

சலோமி அக்கா அவளைவிட நாலு வயதுதான் பெரியவள். மூன்று பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்கவைத்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. மீதிப் பேருக்கு அவள் வாயைக் கண்டால் பயம். கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"மாத்துறது இருக்கட்டும். யாருக்காக இவ்வளவு அவசரப்படுதே?" என்றாள்.

கெத்சியாள் சொன்னாள். அவள் புருஷன் ஜெயசிங் போன வருஷம் பைக்கில் போனவன், வீட்டுக்குப் பெட்டியில்தான் வந்தான். ஏழு வயசுவரைக்கும் தீத்து நம்ம மடியிலேயே இருந்து படிக்கட்டும் என்பது அவன் ஆசை. அவன் போனதும் மாமனார் சொல்லிவிட்டார், ஒண்டிப் பொம்பளையால் ஆகாது, பையன் மலைமேல் இருக்கிற விடுதிப் பள்ளிக்குப் போகட்டும் என்று. அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஜெயசிங்கின் வருஷ நினைவு ஜெபத்தன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், தீத்து பாடத்திட்டத்தின் உறுதிமொழியைப் பிழையில்லாமல் சொல்லவேண்டும். பொருளும் சொல்லவேண்டும். சொன்னால் தாயோடு இருக்கட்டும், சொல்லாவிட்டால் விடுதி.

"சொன்னதோட நிக்கல அக்கா. ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, வெள்ளைப் பெயின்ட்ல தீத்துன்னு பேரும் எழுதி, வீட்டு ஹால்ல கொண்டாந்து வச்சிருக்காவ."

"ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு பிள்ளை," என்றாள் சலோமி. "நாளையிலிருந்து வா."

*

பாடம் தொடங்கியது. முதல் வாரம் படைப்பு. ஆறு நாள் படைப்பையும் ஒரே வாரத்தில் முடிக்கவேண்டும் என்று வழிகாட்டியில் போட்டிருந்தது.

சலோமி ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். அறை இருட்டானது. பிறகு ஒரு கதவை விரல் அளவு திறந்தாள். தரையில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. தீத்து அதன்மேல் படுத்தான். கையை வைத்தான், காலை வைத்தான், நாக்கை நீட்டிப் பார்த்தான். மறுநாளும் அதுதான். மறுவாரமும் அதுதான்.

கெத்சியாள் வழிகாட்டியை நீட்டினாள். "அக்கா, இன்னும் அஞ்சு நாள் படைப்பு பாக்கி கிடக்கு!"

"கர்த்தரே முதல் நாள் வெளிச்சத்தோட கடையைச் சாத்திட்டாரு. உனக்கென்னட்டி அவசரம்?"

அடுத்தது காணாமல் போன ஆட்டின் கதை. ஆட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டி, கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும். அன்றைக்குக் கெத்சியாள் வந்து பார்த்தால் அறையில் தீத்து மட்டும் நிற்கிறான். சலோமியைக் காணோம்.

"அக்கா எங்கடா?"

"தொலைஞ்சு போயிட்டாவ," என்றான் தீத்து. அவன் முகம் நிஜமாகவே வெளிறிப் போயிருந்தது. அடுக்களை, பின்கட்டு, மாட்டுத்தொழுவம் என்று ஓடினான். கடைசியில் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. அவன் பாய்ந்துபோய் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கெத்சியாள் வழிகாட்டியைப் புரட்டினாள். "இது எந்தப் பக்கத்துல இருக்கு அக்கா?"

"பீரோவுக்குப் பின்பக்கத்துல," என்றாள் சலோமி, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே.

சேதி சத்தியநேசன் ஐயா காதுக்குப் போகாமல் இருக்குமா? வந்துவிட்டார், குடையும் கையுமாக.

"அம்மா, நான் கேள்விப்படுவது மெய்யா? ஒரு பாடத்தையும் உள்ளபடி நடத்துவதில்லையாமே?"

"மெய்தான் ஐயா."

"யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?"

"பிள்ளையைக் கேட்டு."

ஐயாவுக்கு மூக்கு விடைத்தது. "ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதை எப்படியோ குட்டிச்சுவராக்குங்கள். உறுதிமொழியில் மட்டும் கைவைக்கக் கூடாது. அதை நான் ஜெபித்து எழுதினேன். அதிலும் ஒப்பித்தால் மட்டும் போதாது. அதன்படி நடக்கவேண்டும்."

எங்கே போனாலும் அவர் இதைச் சொல்லாமல் திரும்பமாட்டார். ஒப்பித்தால் மட்டும் போதாது, அதன்படி நடக்கவேண்டும். மகனை அடக்கம் பண்ணின அன்றைக்கும் சொன்னார். வாய்விட்டுக் கதறிய கெத்சியாளைப் பார்த்து, "விசுவாசி வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது அம்மா. நம்பிக்கையை ஒப்பித்தால் மட்டும் போதாது," என்றார். அவர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. அன்றைக்கு வாயை மூடியவள்தான் கெத்சியாள். அதற்குப் பிறகு அழுகை வந்தால் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். வாளி நிரம்பி வழியும். யாருக்கும் தெரியாது என்பது அவள் நினைப்பு.

*

உறுதிமொழி நாலே வரிதான்.

'பொய் சொல்லேன்.
பிறர் பொருள் தொடேன்.
இருளில் அஞ்சேன்.
இழப்பில் அழேன்.'

"அஞ்சுன்னா நம்பர்தானேம்மா?" என்றான் தீத்து.

"இல்லடா, அஞ்சுறதுன்னா பயப்படுறது."

"சரி."

மற்றதெல்லாம் தெரிந்த வார்த்தைகள்தானே என்று அவள் விட்டுவிட்டாள். இருந்தாலும் சோதித்துப் பார்த்தாள்.

"பொய் சொல்லலாமாடா?"

"கூடாது."

"அடுத்தவங்க சாமானை எடுக்கலாமா?"

"கூடாது."

போதும், பொருள் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் திருப்தி. ஆனால் பையன் கடைசி வரியில் மட்டும் தினமும் ஒரு பிழை விட்டான். முதல் மூன்று வரியையும் சுவரைப் பார்த்துச் சொல்லுவான். நாலாவது வரிக்கு அவள் பக்கமாகத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, "இழப்பில் அழேன்மா," என்பான்.

"அம்மா வராதுடா. அழேன். அவ்வளவுதான்."

"அழேன்மா."

"திரும்பவும் பாரு! அம்மாவைச் சேர்க்காதே. தாத்தா முன்னால இப்படிச் சொன்னா உன்னைக் கொண்டுபோயிடுவாங்க. அழேன்."

அவன் அவளையே பார்ப்பான். உதடு பிதுங்கும். பிறகு சின்னக் குரலில், "அழேன்," என்பான். அவள் தலையைத் தடவி, "என் தங்கம்!" என்பாள். உடனே அவன், "முறுக்கு தாயேன்மா," என்பான். கொடுப்பாள். "கதை சொல்லேன்மா," என்பான். சொல்லுவாள். இதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. காதில் விழுவதெல்லாம் கேட்டதாகிவிடுமா?

ஒருநாள் சலோமி வாசற்படியில் நின்று இந்தத் திருத்தல் கூத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெத்சியாள் அவளைக் கண்டதும் அலுத்துக்கொண்டாள்.

"பாருங்க அக்கா, நாலு வரிக்கு நாக்குத் தள்ளுது. மாமா என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போகட்டும், இதைப் பிள்ளைங்க பேசுற பேச்சாவே மாத்திரலாம். பொய் சொல்லமாட்டேன், பயப்படமாட்டேன், அழமாட்டேன். எவ்வளவு லேசா இருக்கு?"

"அதைத் தொடாதே."

கெத்சியாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு நாள் படைப்பை முதல் நாளோடு நிறுத்தியவள், ஆட்டுக்குப் பதில் தானே தொலைந்துபோனவள், இந்த நாலு வரிக்கு வந்து பயப்படுகிறாளே!

"மாமாவுக்குப் பயந்தா அக்கா?"

"உங்க மாமாவுக்கு நான் எப்போ பயந்தேன்ட்டி?"

"பின்னே ஏன் மாத்தக் கூடாது?"

"கடைசி வரியை அவன் யாருக்குச் சொல்லுதான்னு பாரு."

"கர்த்தருக்குத்தான்."

சலோமி பெருமூச்சு விட்டாள். "சரிதான், போ," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கெத்சியாளுக்குக் கோபமாக வந்தது. வேண்டாத நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றி, வேண்டிய நேரத்தில் கையை விரிக்கிறாளே என்று இருந்தது.

*

வருஷ நினைவு நாள் வந்தது. ஹால் நிறைய சொந்தம். சுவரில் ஜெயசிங்கின் படம், அதற்கு மல்லிகை மாலை. போதகர் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டு ஜெபத்துக்குக் கிளம்பிவிட்டார். ஹாலின் ஓரத்தில் அந்த டிரங்குப் பெட்டி. பெயர் எழுதிய பக்கத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஐயா திருப்பி வைத்திருந்தார். சலோமி அக்கா கதவோரம் நின்றாள்.

"தீத்து, இங்கே வா ராசா. உறுதிமொழியைச் சொல்," என்றார் சத்தியநேசன் ஐயா.

பையன் கைகட்டி நின்றான்.

"பொய் சொல்லேன். பிறர் பொருள் தொடேன். இருளில் அஞ்சேன். இழப்பில்…"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"…அழேன்."

அச்சு பிசகவில்லை. றகரம், ழகரம் எல்லாம் கணீரென்று விழுந்தன. சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஐயாவின் முகம் பூரித்துப் போயிற்று. கெத்சியாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பேஷ்! இப்போது பொருள் சொல். 'பொய் சொல்லேன்' என்றால் என்ன?"

"பொய் சொல்லச் சொல்லுது தாத்தா."

ஐயா காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்ன சொன்னாய்?"

"பொய் சொல்லேன், சொல்லேன்னு கேக்குது. கதை சொல்லேன்மான்னு நான் கேப்பேன்ல, அது மாதிரி. ஆனா நான் சொல்லமாட்டேன். அம்மா அடிப்பா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இரண்டாவது?"

"அடுத்தவங்க சாமானைத் தொடேன் பாப்போம்னு சொல்லுது. அதுவும் செய்யமாட்டேன்."

இப்போது ஹாலே சிரித்தது. கெத்சியாள் சிரிக்கவில்லை. மகன் சொல்லச் சொல்ல அவள் மனசு நாலாவது வரிக்கு ஓடிவிட்டது. அழேன்மா. அழேன்மா. ஒவ்வொரு காலையும் முகத்தைப் பார்த்துச் சொன்னானே. முறுக்கு தாயேன்மா. கதை சொல்லேன்மா. அழேன்மா.

கதவுப் பக்கம் பார்த்தாள். சலோமி அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

"மூன்றாவது?" ஐயா குரலை உயர்த்தினார்.

"இருட்டுல பயந்துக்கோன்னு சொல்லுது. அதை மட்டும் செய்வேன். பயந்து அம்மாகிட்ட ஒட்டிப் படுத்துப்பேன்."

"போதும்! இதுதான் பாடம் நடத்திய லட்சணமா? எதிர்மறையைப் பிள்ளை ஏவலாக்கி வைத்திருக்கிறான்! கெத்சி, நாளைக்கே இவன் துணிமணியை எடுத்துவை. திங்கட்கிழமை நானே மலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன்."

"அனுப்பமாட்டேன்," என்றாள் கெத்சியாள்.

அந்த வீட்டில் மாமனார் பேச்சுக்கு யாரும் மறுபேச்சுப் பேசி அவள் பார்த்ததில்லை. அவள் வாயிலிருந்தே அது வந்தது அவளுக்கே புதுசாக இருந்தது.

"நிபந்தனை என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதா?"

"இருக்கு மாமா. பிழையில்லாம சொல்லிட்டான். பொருளும் சொல்லிட்டான். நீங்க நினைச்ச பொருள் இல்ல, அவ்வளவுதான். எம்பிள்ளையை நான் அனுப்பமாட்டேன். அந்த டிரங்குப் பெட்டியில நான் வத்தல் போட்டு வச்சுக்கிடுதேன்."

சொல்லி முடிக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்கட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. போகவில்லை. ஜெயசிங்கின் படத்துக்கு நேராக, சொந்தபந்தம் அத்தனை பேர் பார்க்க, நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

"இத்தனை நாளா எம்பிள்ளை என்னை அழச் சொல்லிட்டே இருந்திருக்கான்! நான் அவனைத் திருத்திட்டே இருந்திருக்கேன்! அய்யோ, அம்மாவைச் சேர்க்காதேன்னு சொன்னேனே!"

பெண்கள் எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தேற்ற வந்தாள், அவளும் அழுதாள். விசுவாசி வீட்டில் அழுகைச் சத்தம் தெருமுனைவரைக்கும் கேட்டது.

தீத்து அம்மாவைப் பார்த்தான். பயப்படவில்லை. சொன்ன வேலை ஒருவழியாக முடிந்த ஆளைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு தாத்தா பக்கம் திரும்பினான். நாலாவது வரிக்கு இன்னும் பொருள் சொல்லவில்லையே. கிட்டப் போய், அவர் வேட்டியைப் பிடித்து, அண்ணாந்து பார்த்தான்.

"அழேன் தாத்தா."

ஐயா வேட்டியை இழுத்துப் பார்த்தார். அவன் விடவில்லை.

"அழேன்."

அவர் பின்வாங்கியதில் கால் தடுமாறியது. பிடிக்கக் கையை நீட்டினார். அகப்பட்டது டிரங்குப் பெட்டி. அதன்மேலேயே உட்கார்ந்தார். தகரம் டமாரென்று அமுங்கியது. எதிரே சுவரில் மகனின் படம்.

படத்திலிருந்து கண்ணை எடுத்தவர், கதவோரம் நின்றவளைத் தேடினார். கோபத்தைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் உங்கள் வேலைதானா அம்மா? கைவைக்காதீர்கள் என்று அவ்வளவு சொன்னேனே!"

"கைவைக்கல ஐயா," என்றாள் சலோமி. "உங்க பெட்டியில நான் மாத்தாத பாடம் கிடையாது. இந்த நாலு வரியை மட்டும் தொடல. கெத்சி மாத்தப் பார்த்தா, அவளையும் விடல. நீங்க எழுதினதுல ஒரு எழுத்து குறையல, ஒரு எழுத்து கூடல."

அழுதுகொண்டிருந்த கெத்சியாள் நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு மாத்தலாம் அக்கா என்று முதல்நாள் கேட்டது நினைவுக்கு வந்தது.

நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் பொருள் கேட்டே பழகிய மனுஷன், அன்றைக்கு முதல்தடவையாகக் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"அப்படியானால் நான் என்னதான் அம்மா செய்யவேண்டும்?"

தீத்து இன்னும் அவர் வேட்டியை விடவில்லை. சலோமி அவனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் என்னத்தைச் சொல்ல ஐயா? ஒப்பிச்சா மட்டும் போதாது, அதன்படி நடக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."